பலாமரத்துக்கு மூன்று சுற்று

கரியாலூரைத் தாண்டிய மேட்டில், ஆயம்மாள் வீட்டு வாசலில், சிவசங்கர் சைக்கிளைப் பிடித்தபடி குழம்பிப்போய் நிற்கிறான். காலை வெயில் பலா இலைகளுக்குள் புகுந்து செம்மண்ணில் சில்லுசில்லாகக் கிடக்கிறது. மரத்தைச் சுற்றிலும் டயர்கள் அரைத்த வட்டம். போன மாதம் கல்வராயன் மலையைச் சுற்றிவரும் சைக்கிள் பாதையை அவன் போனில் பதிவு செய்துகொண்டே வந்தபோது, தண்ணீர் கேட்க இங்கே திரும்பினான். நாய் விரட்டியது. மரத்தை மூன்று முறை சுற்றித்தான் தப்பினான். அந்தச் சுற்றுகளை நீக்காமலே பாதையைச் சைக்கிள் குழுவுக்கு அனுப்பியும்விட்டான். இதோ, பின்னால் மூட்டை கட்டிய சைக்கிளில் சின்னசேலத்து ரம்யா வருகிறாள். போனில் தெரியும் பாதைக் கோட்டிலிருந்து இம்மியும் விலகாமல் மூன்று சுற்று. பிறகு அடிமரத்து மஞ்சளையும் குங்குமத்தையும் பார்த்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். போன மாதம் அந்தக் குங்குமம் அங்கே இல்லை.

“நீங்களா வெச்சீங்க?” என்கிறான் ஆயம்மாளிடம்.

“ஆமாங்க. வர்றவங்க அத்தினி பேரும் சுத்திக்கினு போறாங்க, மரத்தை வெறுமன வுட மனசு வரலை,” என்றபடி விளக்குத் திரியை உள்ளங்கையில் உருட்டுகிறாள். “இன்னா சாமிங்க இது?”

சிவசங்கரின் கட்டைவிரல், போனில் அந்தச் சுற்றுகளை அழிக்கும் பொத்தானுக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. மரத்தடியில் படுத்திருக்கும் நாய் தலையைத் தூக்கி அவனையே பார்க்கிறது. அடையாளம் தெரிந்துவிட்டதுபோல், மெல்ல எழுந்து நின்று உறுமுகிறது.