சுற்றும் காந்தத்தின் மேல்

"வெளிய நின்னு பார்த்தா கரண்ட் அலையாத்தான் ஆடும். சுத்துற காந்தத்து மேலயே ஏறி உட்கார்ந்து பார்த்தா நேர்கோடாத் தெரியும்" என்று கல்யாணமான புதிதில் சங்கவி மோட்டாரைப் பற்றிச் சொன்னபோது, "தலை சுத்தாதா?" என்று கேட்டான் தீபன்.

இன்றும் அவனுக்கு வேலை ஓசூரில், அவளுக்குக் கோவையில். சனிக்கிழமை பஸ்ஸில் வந்தவன், கணினியில் அவள் ஓட்டிக்கொண்டிருந்த மாதிரி மோட்டாரின் கரண்ட் கோட்டைப் பார்த்தான்.

"கோடு என்னடி, பஸ்ல தூங்குறவன் தலை மாதிரி ஆடுது?"

சங்கவி சிரித்துவிட்டாள். காந்தத்தின் கோணத்தை ரேடியன் அளவில் கொடுப்பதற்குப் பதில் டிகிரியில் கொடுத்திருந்தாள். திருத்தியதும் கோடு நேராக ஓடியது. ஒவ்வொரு முறை அவனைப் பஸ் ஏற்றும்போதும் விழுங்கிய சொற்களை, திரையிலிருந்து கண்ணெடுக்காமல் இப்போது சொன்னாள்.

"நீங்க இங்கயே வந்துடுங்களேன்."