இரண்டாம் நிமிடக் குமிழி

“கட்டின புருஷன் பூசின குழாயையே மூணு தடவை ஃபெயில் பண்ணியிருக்கா. கல்நெஞ்சக்காரி” என்றார் ஆசிட் அண்ணன்.

கேண்டீனில் எல்லோரும் தலையாட்டினார்கள். ஆசிட் அண்ணன் பேசும்போது தலையாட்டிவிடுவது நல்லது. அவருடைய அமிலத்தில் பாதிதான் தொட்டியில் இருந்தது; மீதி நாக்கில்.

“மூணாவது ஃபெயில் நேத்து. காலைல ஆளைப் பாக்கிங்குக்கு மாத்திட்டாங்க. பதினொரு வருஷம் பூச்சுத் தொட்டி பார்த்த கை, இப்போ அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுது.”

“அக்கா ரூல்படிதானே செஞ்சாங்க?” என்றார் வெல்டர்.

“அப்போ ரூல் புத்தகத்தையே கட்டிக்கிட்டிருக்கலாமே. இவனை எதுக்குக் கட்டிக்கிட்டா?”

அந்தத் தொழிற்சாலையில் செய்வது ஒருவகை வடிகட்டி. நுண்துளைகள் நிறைந்த எஃகுக் குழாய்மேல், மின்சாரம் செலுத்தி, பல்லேடியமும் வெள்ளியும் கலந்த பூச்சை ஏற்றுவார்கள். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குதான். அது ஹைட்ரஜனை மட்டும் உள்ளே விடும்; மற்ற வாயுக்களுக்கு முகம் கொடுக்காது. ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் எல்லாம் நுழைந்துவிடும். பிறகு அது வடிகட்டி அல்ல, விலை கூடிய வெறும் குழாய்.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது பூச்சுக்காரரின் மனைவி வேலை. குழாயை ஸ்பிரிட்டில் அமிழ்த்தி, உள்ளே ஹீலியத்தை அழுத்தி, பத்து நிமிடம் கண்கொட்டாமல் பார்ப்பாள். ஒரு குமிழி வந்தால் ஃபெயில். தொடர்ந்து மூன்று ஃபெயில் என்றால், பூசினவருக்கு இனித் தொட்டி கிடையாது. ‘குமிழி’ என்றே அவளுக்குப் பெயர்.

ஃபெயிலான குழாய்கள் ஆசிட் அண்ணனிடம் வரும். அமிலத்தில் கரைத்து, விலையுள்ள உலோகத்தை மட்டும் மீட்பார். கரைக்கும் முன் இன்னொரு முறை ஸ்பிரிட்டில் போட்டு, குமிழி எங்கே வருகிறது என்று தாளில் எழுத வேண்டும். மூன்று நான்கு சேரட்டும் என்று காத்திருப்பது அவர் வழக்கம். சிக்கனம் என்பார்.

சாப்பிட்டுவிட்டு வந்து முதல் குழாயை அமிழ்த்தினார். பத்து நிமிடம். ஒன்றுமில்லை.

அழுத்தத்தைக் கூட்டினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒன்றுமில்லை.

இரண்டாவது குழாய். மூன்றாவது. ஸ்பிரிட் அசையவே இல்லை.

ஆசிட் அண்ணன் தாளைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பாக்கிங்குக்கு நடந்தார். அடுத்தவர் தப்பைக் கையும் களவுமாகப் பிடித்தவருக்கு வருகிற நடை அது.

பூச்சுக்காரர் ஒரு பெட்டியின் மூலையை நேராக்கிக்கொண்டிருந்தார். டேப்பைக்கூட ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தார்.

“உன் குழாய்ல ஓட்டையே இல்லடா. மூணும் சுத்தம். உன் பொண்டாட்டி பொய் எழுதியிருக்கா. வா, மேனேஜர்கிட்ட போலாம். சாயங்காலத்துக்குள்ள உன் தொட்டி உனக்கு.”

“தெரியும்ணே.”

“என்ன தெரியும்?”

“பூசினவனுக்குத் தெரியாதா?”

பூச்சுக்காரருக்கு இருமல் வந்தது. அடங்க நேரமாயிற்று. தொட்டியின் அமோனியா நெடியில் எல்லோரும்தான் இருமுவார்கள். ஆனால் இங்கே தொட்டி இல்லை.

“டாக்டர்கிட்ட போனியா? என்ன சொன்னார்?”

“என்கிட்ட சொல்லலை. அவகிட்ட சொல்லியிருக்கார். அவர் எழுதிக்கொடுத்த சீட்டைத் தையல் டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கா. பட்டன் தைக்கப் போய்ப் பார்த்துட்டேன். இன்னும் ஆறு மாசம் அந்தக் காத்தை இழுத்தா நுரையீரல் மிஞ்சாதாம்.”

“சீட்டைக் காட்டி வேற வேலை கேக்கிறதுதானே?”

“கேட்டவங்க எல்லாம் இப்போ எங்கண்ணே இருக்காங்க?”

நெஞ்சு கெட்டவரை அந்தத் தொழிற்சாலை வீட்டுக்கு அனுப்பும். கை கெட்டவரைத்தான் பாக்கிங்குக்கு அனுப்பும்.

“அப்போ உன்னையே மோசமா பூசச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னாலும் என் கை கேக்காதுன்னு அவளுக்குத் தெரியும்.”

“இதைப் பத்தி ரெண்டு பேரும் பேசிக்கவே இல்லையா?”

“எங்க வந்துச்சு குமிழின்னு கேட்டேன். மேல் விளிம்புல, ரெண்டாம் நிமிஷம்னா. சரின்னுட்டேன்.” பெட்டியை ஓரமாகத் தள்ளிவைத்தார். “அவ எழுதின மொத பொய் அண்ணே அது. அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை. தெரிஞ்சா அவ வேலை போயிடும். உங்க தாள்ல என்ன எழுதப் போறீங்க?”

ஆசிட் அண்ணன் தன் அமிலத் தொட்டிக்குத் திரும்பி வந்தார்.

மூன்று குழாய்களையும் அமிலத்தில் இறக்கினார். பதினொரு வருஷத்துக் கையின் கடைசி நல்ல வேலை, புகைந்து கரைந்தது. முழுக்கக் கரையும்வரை நின்று பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

மறுநாள் கேண்டீனில் வெல்டர் கேட்டார். “அண்ணே, நிஜமாவே ஓட்டை இருந்துச்சா?”

இரண்டு மேசை தள்ளி, தனியாக உட்கார்ந்திருந்தவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மேனேஜர் தட்டோடு நின்றிருந்தார்.

ஆசிட் அண்ணன் இருவர் காதிலும் விழும்படி குரலை உயர்த்தினார்.

“இல்லாமலா? மூணுலயும் மேல் விளிம்புல, ரெண்டாம் நிமிஷம். நானே பார்த்து எழுதியிருக்கேன். புருஷன்னுகூடப் பார்க்கலை பாரு, கல்நெஞ்சக்காரி.”