மூன்றாவது கூட்டம்

மறுபடியும் அதே ஆறு சதவீதம்.

அவள் கணினித் திரையைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். மூன்று மாதமாக இந்தக் கணக்கை எப்படிப் புரட்டிப் போட்டாலும் இங்கேதான் வந்து குப்புற விழுகிறது.

கணக்கு என்னவோ எளிமையானதுதான். நாலாயிரம் வருடத்துக்கு முந்தைய ஓர் இடுகாடு. அங்கே கிடைத்த எலும்புகளின் மரபணுவைப் பிரித்துப் பார்த்தால், மலையைத் தாண்டி வந்த ஒரு கூட்டமும் கடலோரமாகவே நடந்து வந்த இன்னொரு கூட்டமும் கலந்து வாழ்ந்திருப்பது தெரிகிறது. எல்லா எலும்பும் இதற்குக் கட்டுப்படுகிறது, ஒரே ஒரு மண்டையோட்டைத் தவிர. அதில் மட்டும் ஆறு சதவீதம் எந்தக் கூட்டத்தோடும் சேராமல் முறைத்துக்கொண்டு நிற்கிறது.

அது என்னவென்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. பழைய மரபணு நைந்த துணி மாதிரி ஓரமெல்லாம் பிய்ந்திருக்கும். இந்த ஆறு சதவீதம் கடையில் புதிதாக வெட்டிக் கொடுத்த துணி மாதிரி இருந்தது. இந்தக் காலத்து ஆள் யாரோ வெறுங்கையால் எலும்பைத் தொட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

அதைப் பேராசிரியரிடம் யார் சொல்வது?

அவர் அதற்கு 'மூன்றாவது கூட்டம்' என்று பெயரே வைத்துவிட்டார். மாநாட்டில் பேசியாயிற்று. சுவரில் மாட்டிய வரைபடத்தில் சிவப்பு அம்புக்குறியும் போட்டாயிற்று. அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

"சில துண்டு கெடாமயும் கெடக்கும்மா. யாரு தொட்டதுன்னு காட்டு, அம்ப அழிச்சிடறேன்," என்பார் அவர்.

காட்டத்தான் நாயாய் அலைந்தாள். எலும்பைத் துளைத்தவர், பொடியாக்கியவர், பெட்டியைக் கொண்டுவந்த ஓட்டுநர் வரை எல்லோரிடமும் மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்க எச்சில் கேட்டு வாங்கினாள். 'எச்சில்காரி' என்று பட்டப்பெயர் வந்ததுதான் மிச்சம். அகழாய்வுக் குழியின் மேற்பார்வையாளரும் தன் ஆட்களின் எச்சிலை அனுப்பிவைத்து, கையுறை போடாமல் அங்கே ஒருத்தர் மூச்சுகூட விடுவதில்லை என்று சத்தியம் செய்தார்.

ஒருவரும் பொருந்தவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்து போனார்கள். அவளுக்குப் பசியில்லை. வயிறு முழுக்க ஆத்திரம்தான் இருந்தது.

ஒப்பிடாமல் மிச்சமிருந்தது அவளுடைய எச்சில் ஒன்றுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கருவியைச் சோதிக்கக் கொடுத்தது. அந்த மண்டையோட்டை அவள் படத்தில் பார்த்ததோடு சரி. ஆய்வுக்கூடத்துக்கு நாலு மாடி தள்ளிக் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவள் எதைத் தொடப் போகிறாள்?

இதையும் பார்த்துத் தொலைப்போம் என்று தட்டிவிட்டாள்.

பொருந்தியது.

முகம் சுண்டிப்போயிற்று. ஊரையெல்லாம் திருடன் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் களவுப் பொருள் தன் மடியிலா? மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

முழுக்கப் பொருந்தவில்லை. பாதிதான். ஆனால் தாய்வழியாக மட்டுமே வரும் சரடு இரண்டிலும் ஒன்றேதான்.

அப்படியென்றால் பெற்ற தாய், இல்லை பெற்ற பிள்ளை, இல்லை கூடப்பிறந்த பிறப்பு. வேறு யாராகவும் இருக்க முடியாது.

அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. அவளுக்குப் பிள்ளை இல்லை. மண்டையோடு மண்ணிலிருந்து வெளியே வந்தது போன கோடையில்.

மேற்பார்வையாளரைப் போனில் பிடித்தாள். "இன்னொருத்தர் தொட்டிருக்காங்க சார். மறைக்காம சொல்லுங்க."

"தப்புதான் மேடம். அன்னைக்கு ஆள் பத்தல. கூலிக்கு ஒரு பொண்ணக் கூப்பிட்டோம். கையுறை வழுக்குது, கீழ விழுந்து ஒடஞ்சிடும்னு சொல்லிக் கழட்டிட்டுத் தூக்குனா. சொன்னா என் வேலை போயிடுமேன்னு அவ எச்சில மட்டும் அனுப்பாம வாய மூடிக்கிட்டேன். இப்பவும் இங்கதான் மண்ணு சலிக்கிறா. பாவம், அவள ஒண்ணும் பண்ணிடாதீங்க."

தப்புச் செய்த ஆள் மாட்டினால் கிழிகிழியென்று கிழிக்க வேண்டும் என்று எத்தனை நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருப்பாள். இப்போது திரையில் இருந்த அந்தப் பாதிப் பொருத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தொன்பது வயதில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு இறங்கியவள் அவளுடைய தங்கை. அப்பா கதவைச் சாத்தினார், அத்தோடு தலைமுழுகினார். அம்மா சாகிற வரைக்கும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்த்தாள். இவளும் தேடாத இடமில்லை. ஒரு கட்டத்தில், உயிரோடு இருந்தால் இந்நேரம் ஒரு போனாவது வந்திருக்காதா என்று மனதுக்குள் அழுது முடித்துவிட்டாள்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"பத்திரமா இருக்காளா?"

"மண்டையோடா மேடம்? அத நாங்க அன்னைக்கே உங்களுக்கு அனுப்பிட்டமே."

"மண்டையோடு இல்ல சார்," என்றாள் அக்கா. "அந்தப் பொண்ணு. நல்லா இருக்காளா?"