நியூவே தெரிந்த இருவர்

“வேற என்னென்ன மொழி தெரியும்?” என்று லாட்ஜ் முதலாளி கேட்டதும், நெட்டையின் வாய் அவனைக் கேட்காமலே திறந்துகொண்டது.

“நியூவே தெரியும் சார்.”

வேறென்ன செய்வான்? வெளியே வரவேற்பாளர் வேலைக்குக் காத்திருந்தவர்களில் ஒருவனுக்கு ஐந்து மொழி தெரியுமாம். நெட்டைக்கு இரண்டே இரண்டு. மூன்றாவதாக ஒன்று சொல்லியாக வேண்டும். அது எவனும் சோதித்துப் பார்க்க முடியாததாகவும் இருக்க வேண்டும். பசிபிக் கடலில் நியூவே என்றொரு குட்டித் தீவு, அங்கே இரண்டாயிரம் பேர்கூட இல்லை, ஆனாலும் அவர்களுக்கென்று ஒரு மொழி உண்டு என்று சலூன் பத்திரிகையில் படித்தது சமயத்தில் கைகொடுத்தது.

கைகொடுத்ததாகத்தான் அவன் நினைத்தான்.

“அட, நம்ம மேனேஜருக்கும் அது தெரியும்பா” என்றார் முதலாளி. “வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே சொன்னார். பாவம், இத்தனை வருஷமா பேச ஆளில்லாம இருக்கார். மேனேஜர், ரெண்டு வார்த்தை பேசிப் பாருங்க.”

ஓரத்தில் உட்கார்ந்திருந்த மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

“இங்க எதுக்கு சார், உங்களுக்குப் புரியாது. நாளைக்கு என் ரூமுக்கு வரட்டும். தனியா பேசிப் பார்த்துக்கறேன்” என்றார் அவர்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை.

“பல மொழியில பொய் சொல்றவங்களைப் பார்த்திருக்கேன். மொழியையே பொய்யா சொன்ன ஆளை இன்னைக்குத்தான் பார்க்கறேன். இந்த வேலையும் கிடைக்கலேன்னா எங்க அண்ணன் வீட்டு மாடிதான், ஞாபகம் வச்சுக்கோங்க.”

மறக்கிற விஷயமா அது? ‘என் தங்கச்சி புருஷன் பேச்சுல மட்டும் புலி’ என்று சொந்தக்காரர்கள் நடுவில் சொல்லிச் சிரிக்கிற மச்சான். அவர் வீட்டு மாடியில் குடியிருப்பதைவிட ஒரு மொழியைக் கற்றுக்கொள்வது சுலபம் என்று நெட்டைக்குத் தோன்றியது. போனைத் தடவித் தடவி, நியூவே பேசும் ஒரு அம்மாவின் வீடியோவைக் கண்டுபிடித்தான்.

மறுநாள் மேனேஜர் அறையில் வணக்கம் சொன்னான். “ஃபாகாஅலோஃபா...” பயத்தில் ஒரு தரம் இருமினான். “லாஹி அத்து.”

மேனேஜர் கண்ணை மூடிக் கேட்டார். “இன்னொரு தடவை. மெதுவா.”

மெதுவாகச் சொன்னான். அதே இடத்தில் மறுபடி இருமல் வந்தது.

“ம். வேலைக்குச் சேர்ந்துக்கோங்க. மூணு மாசம் பார்த்துட்டுத்தான் நிரந்தரம். தினமும் சாப்பாட்டு நேரத்துல இங்க வந்து புதுசா ஏதாவது பேசணும்.”

இப்படி ஒரு தேர்வை எவன் கேள்விப்பட்டிருக்கிறான்? பாஸ் பண்ணினாலும் விடாமல் தினமும் நடக்கிற தேர்வு. நெட்டை குளிக்கும்போது படித்தான், துணி காயப்போடும்போது படித்தான், பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்து முணுமுணுத்துப் பக்கத்து சீட்டுக்காரரை எழுந்துபோக வைத்தான்.

“அந்த இருமலும் அந்த மொழியில ஒரு எழுத்தா?” என்று மனைவி கேட்டாள்.

“வாய் பழகிடுச்சு. அது இல்லாம வர மாட்டேங்குது.”

மேனேஜரோ ஒரு வார்த்தைகூடத் திருப்பிப் பேசவில்லை. “நான் ஆரம்பிச்சா நீங்க தாங்க மாட்டீங்க” என்பார். “அர்த்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்க. புரிஞ்சு சொல்றீங்களா, உருப்போட்டுச் சொல்றீங்களான்னு எனக்குத் தெரியணும்.” கேட்டுவிட்டு, “இன்னொரு தடவை. மெதுவா” என்பார். கல்நெஞ்சக்காரர் என்று நெட்டை மனதுக்குள் திட்டிக்கொள்வான்.

மூன்று மாதம் முடிகிற சமயத்தில் முதலாளி போன் செய்தார். “நாளைக்கு ஒரு நியூவேக்காரர் ரூம் போட்டிருக்கார். நானும் வர்றேன். நீங்க ரெண்டு பேரும் பேசறதைக் காது குளிரக் கேட்கணும்.”

நெட்டைக்கு உயிரே போய்விட்டது. சாயம் வெளுக்கப்போகிறது, முதலாளி கண்டுபிடிக்காவிட்டாலும் மேனேஜர் விடமாட்டார். மனைவி பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

மறுநாள் மேனேஜரின் முகமும் சரியாக இல்லை. காலையிலிருந்து வயிற்று வலியாம். லீவு கேட்டிருக்கிறார், முதலாளி கொடுக்கவில்லை.

டாக்சியிலிருந்து தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் இறங்கினார். வருவது வரட்டும் என்று நெட்டை முன்னால் போனான்.

“ஃபாகாஅலோஃபா...” இருமல். “லாஹி அத்து.”

பெரியவர் பையை அப்படியே கீழே வைத்துவிட்டார். அவன் கையைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று பேச ஆரம்பித்தார். பாதி புரிந்தது. அந்தப் பாதிக்கு நெட்டை பதில் சொன்னான். வெந்நீர் எப்போது வரும், எந்த அறையில் காற்று நன்றாக வரும் என்றெல்லாம் சொன்னான். பெரியவர் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். தனக்கு நிஜமாகவே நியூவே தெரிகிறது என்பது அப்போதுதான் நெட்டைக்கே தெரிந்தது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

“பலே” என்று முதலாளி அவன் முதுகில் தட்டினார். “மேனேஜர், நேத்து வந்தவரே இந்தப் போடு போடறார். இப்ப நீங்க பேசுங்க, கேட்போம்.”

இனி நம் வண்டவாளம் தெரிந்துவிடும் என்று நெட்டை தலையைக் குனிந்துகொண்டான். மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

“ஃபாகாஅலோஃபா...” என்றவர், நெட்டை இருமும் அதே இடத்தில், அதே மாதிரி ஒரு தரம் இருமினார். “லாஹி அத்து.”

பிறகு நெட்டையின் காதருகே குனிந்தார். “அடுத்த வரியைச் சொல்லுங்க. மெதுவா.”