தெரியாதென்று சொன்ன டெய்லர்

அன்று டிக்கோயா தேயிலைத் தோட்டத்துத் தையல்கடையில் இருந்தவர்கள் நால்வர்: டெய்லர் இக்னேசியஸ், அவர் மனைவி தெரேசா, தொழில் தேர்ச்சிப் பரீட்சகர் பிரியந்தி, ஹோட்டல் மனேஜர் கிஷாந்த்.

"எங்க ஆளுங்க அறுபது பேருக்கு யூனிபோம் வேணும். ஆனா சேர்ட்டிபிகேட் இருக்கிறவங்களுக்குத்தான் ஓடர் குடுப்போம்," என்றார் கிஷாந்த்.

"முப்பது வருசக் கடைங்க. கோயில் ஃபாதர் அங்கியே இங்கதான் தைக்கிறது. இந்த வயசுல நான் கிளாசுக்குப் போகணுமா?" என்றார் இக்னேசியஸ்.

பிரியந்தி சிரித்தாள். "கிளாஸ் வேண்டாங்கய்யா. அனுபவத்துக்கே சேர்ட்டிபிகேட் தர்றோம். என் முன்னால ஒரு சட்டைக் கொலர் தைச்சுக் காட்டுங்க, போதும்."

இக்னேசியஸ் மெஷின் முன் உட்கார்ந்தார். நூல்கட்டையை எடுத்தவர், அதை மாட்டாமலே வைத்திருந்தார். காது சிவந்தது.

"அவருக்கு இப்பக் கண்ணு சரியாத் தெரியலைங்க மிஸ்," என்றாள் தெரேசா.

"அப்படின்னா வீட்டுல வேற யாராவது தைப்பாங்களா? அவங்க பேருல எழுதலாம்."

தெரேசா கணவனைப் பார்த்தாள்.

"இங்க வேற யாருக்கும் தைக்கத் தெரியாது," என்றார் இக்னேசியஸ்.

பிரியந்தியும் கிஷாந்தும் ஓடர் கொடுக்காமலே போய்விட்டார்கள்.

டெய்லருக்குக் கண் மங்கிவிட்டது என்று தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயமெல்லாம் பேசிக்கொண்டது. அது பொய். அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை. முப்பது வருடமும் அவர் அளவு மட்டுமே எடுத்தார். கடையின் திரைக்குப் பின்னால் இருந்து தைத்தவள் தெரேசா.