காற்று வராத அறை

கட்டாரில் மாளிகைகளுக்கே ஏசிக் குழாய் போட்டவன் ஸப்ரி. கல்முனையில், மாமியும் கூடவே இருக்கும் மனைவி றஸ்னாவின் சீதன வீட்டுக்கும் தானே போட்டான். எல்லா அறைகளும் குளிர்ந்தன. அவனுடைய அறை மட்டும் வெந்தது.

குழாயின் வளைவுகளை நிமிர்த்திப் பார்த்தான். மெஷினின் வேகத்தையும் கூட்டிப் பார்த்தான். வேர்வைதான் கூடியது.

"மாமிட அறையில ஐஸ் விளையுது! வீட்ட எழுதித் தரத்தான் அந்தக் கல்நெஞ்சுக்கு இன்னும் மனசில்ல. காத்து மட்டும் முழுசா வேணும்!"

"மெல்லக் கதைங்க," என்றாள் றஸ்னா.

"ஏன் மெல்ல? நடுவில சுவர் இருக்குதானே!"

எரிச்சலில் ஏணி போட்டு, காற்று வரும் துவாரத்தின் மூடியைக் கழற்றினான். உள்ளே ஒரு தலையணை இறுக அடைக்கப்பட்டிருந்தது.

"இத ஆர் வெச்ச?"

"நான்தான்," றஸ்னாவின் குரல் தாழ்ந்தது. "நீங்க ஏசுறதெல்லாம் இந்தக் குழாயால உம்மாட அறையில கேக்குது. குழாய் போட்ட அண்டைக்கே அங்க நிண்டு கேட்டன். அதான் அடைச்ச."

ஸப்ரி தலையணையை உருவினான். குளிர்காற்று முகத்தில் அடித்தது. அதோடு மாமியின் குரலும் வந்தது:

"தலையணை இருக்கக்குள்ளயும் எல்லாம் கேட்டதுதான், மருமகன்."