முள்ளைப் பிடித்த கடிகாரம்

ஜெசிந்தாவின் மேசைக் கடிகாரத்துக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம். நுழைவுத் தேர்வுக்காக அதை எதிரே வைத்துக்கொண்டுதான் அவள் மாதிரித் தாள் எழுதுவாள். கணக்கில் சிக்கி அவள் உதட்டைக் கடிக்கும்போதெல்லாம் கடிகாரம் தன் முள்ளைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். விடை வந்த பிறகுதான் ஓடும்.

"இன்னைக்கும் மூணு மணி நேரத்துல முடிச்சிட்டேன்!" என்று அவள் குதிக்கும்போது அதற்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

தேர்வு முடிந்து அவளுடைய பேனா மேசைக்குத் திரும்பியது.

"எப்படி எழுதினா?" என்றது கடிகாரம்.

"அவளுக்குத் தெரியாத கணக்கு ஒண்ணுகூட இல்ல. ஆனா இருபது கணக்கைத் தொடவே இல்ல. நிதானமா யோசிச்சுக்கிட்டே இருந்தா. மணி அடிச்சதும் தாளைப் பிடுங்கிட்டாங்க."

கடிகாரம் தன் முள்ளைக் குனிந்து பார்த்தது.

அழுது சிவந்த கண்களோடு ஜெசிந்தா வந்தாள். கடிகாரத்தின் முகத்தைத் துப்பட்டாவால் துடைத்தாள்.

"அந்த ஹால் கடிகாரம் என்னை ஏமாத்திடுச்சு. நீ மட்டும்தான் சரியா ஓடுற" என்றாள்.

பிறகு அடுத்த வருஷத்துக்காக ஒரு மாதிரித் தாளை விரித்தாள். முதல் கணக்கிலேயே உதட்டைக் கடித்தாள்.

கடிகாரம் நிற்கவில்லை. அழுதுகொண்டே ஓடியது.